‘ஆப்பிரிக்காவின் பெயரால்’: ஹிசென் ஹப்ரே வழக்கும் ஆப்பிரிக்க வட்டாரக் குற்றவியல் நீதியின் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

சாட் நாட்டின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஹிசென் ஹப்ரேயை விசாரிக்க, ஆப்பிரிக்க ஒன்றியமும் செனகலும் 2012ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஆப்பிரிக்கச் சிறப்பு நீதி அமர்வுகள் டக்காரில் அமைக்கப்பட்டன. 2016இல் வழங்கப்பட்ட ஆயுள் தண்டனைத் தீர்ப்பு ஆப்பிரிக்க வட்டார நீதியின் வெற்றியாகப் பரவலாகப் போற்றப்படுகிறது. அவ்வெற்றி எவ்வாறு உருவாயிற்று, அதன் வரம்புகள் எவை, அது பிற வழக்குகளுக்கு எந்த அளவில் முன்மாதிரியாகும் ஆகிய மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்நீதிமன்றம் பாதிக்கப்பட்டோர் பல மட்டங்களில் நடத்திய வழக்குகளின் விளைவாக எழுந்தது என்றும், பதவியிழந்த ஒருவர்மீது செயல்பட்ட இந்நீதி பதவியிலிருப்போரைத் தொடும் இடத்தில் நின்றுவிடுகிறது என்றும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: ஆப்பிரிக்க ஒன்றியம், ஹிசென் ஹப்ரே, சாட், செனகல், சிறப்பு நீதி அமர்வுகள், உலகளாவிய விசாரணை அதிகாரம், மலாபோ நெறிமுறை, விலக்குரிமை

1. முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆப்பிரிக்கக் கண்டத்தில் நிகழ்ந்த பெருங்குற்றங்களை விசாரிக்க அமைந்த நீதிமன்றங்கள் பெரும்பாலும் கண்டத்திற்கு வெளியே எடுக்கப்பட்ட முடிவுகளால் உருவானவை. ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த அருஷா தீர்ப்பாயம் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 1994ஆம் ஆண்டுத் தீர்மானத்தால் எழுந்தது. சியரா லியோன் சிறப்பு நீதிமன்றம் அந்நாட்டு அரசுக்கும் ஐ.நா.வுக்கும் இடையிலான உடன்பாட்டால் 2002இல் அமைந்தது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று ரோம் சட்டம் நடைமுறைக்கு வந்து, பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் ஹேக் நகரில் செயற்படத் தொடங்கியது. அச்சட்டத்தை உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு செனகல். எனினும் பத்தாண்டுகளுக்குள் அந்நீதிமன்றத்திற்கும் ஆப்பிரிக்க ஒன்றியத்திற்கும் இடையே கடும் முரண்பாடு முற்றியது. ‘ஆப்பிரிக்கச் சிக்கல்களுக்கு ஆப்பிரிக்கத் தீர்வு’ என்ற முழக்கம் நீதித்துறையிலும் ஒலிக்கத் தொடங்கியது.

இம்முழக்கத்திற்கு இரு பொருள்கள் கொள்ளலாம். குற்றம் புரிந்தோரை அந்தக் கண்டத்திலேயே, பாதிக்கப்பட்டோருக்கு அருகிலேயே விசாரிப்பது ஒரு பொருள். வெளியிலிருந்து வரும் விசாரணையைத் தடுத்து, ஆட்சியாளர்களைக் காப்பது மற்றொரு பொருள். இவ்விரண்டில் எது மெய்யாக நடந்தது என்பதை அறிய, ஹப்ரே வழக்கின் வரலாறு தக்க களமாகும். ஒரு நாட்டின் நீதிமன்றம் மற்றொரு நாட்டின் முன்னாள் ஆட்சியாளரை மனித உரிமைக் குற்றங்களுக்காகத் தண்டித்த முதல் வழக்கு அது. ஆப்பிரிக்க ஒன்றியம் பங்கேற்று உருவாக்கிய முதல் குற்றவியல் நீதிமன்றமும் அதுவே.

2. ஹப்ரே ஆட்சியும் அதன் ஆவணங்களும்

1982 ஜூன் 7 அன்று படைவலிமையால் என்ஜமேனாவைக் கைப்பற்றிய ஹப்ரே, 1990 டிசம்பர் 1 அன்று இட்ரிஸ் டெபியின் படைகளால் வீழ்த்தப்படும்வரை ஆட்சியில் இருந்தார். லிபியத் தலைவர் கடாபியை எதிர்க்கும் அரணாக அவரைக் கருதிய அமெரிக்காவும் பிரான்சும் படைக்கருவிகளும் பயிற்சியும் நிதியும் வழங்கின. பனிப்போர்க் கணக்கு அவரது உள்நாட்டு ஒடுக்குமுறையை மறைத்தது.

ஒடுக்குமுறையின் முதன்மைக் கருவி, 1983இல் அமைக்கப்பட்ட ஆவண மற்றும் பாதுகாப்பு இயக்ககம். இது குடியரசுத் தலைவருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட அரசியல் காவல் அமைப்பு. என்ஜமேனாவில் அது நடத்திய சிறைகளில் ஒன்று, குடியேற்ற ஆட்சிக் கால நீச்சல் குளத்தின் மேல் கான்கிரீட் தளமிட்டு மூடி உருவாக்கப்பட்ட நிலத்தடிச் சிறை. மக்கள் அதைக் ‘குளம்’ என்றே அழைத்தனர். 1984இல் தென்பகுதி மக்கள்மீதும், 1987இல் ஹஜராய் இனத்தவர்மீதும், 1989இல் ஸகாவா இனத்தவர்மீதும் அடுத்தடுத்துக் கூட்டு ஒடுக்குமுறை ஏவப்பட்டது.

டெபி அரசு அமைத்த விசாரணை ஆணையம் 1992இல் வெளியிட்ட அறிக்கை, ஹப்ரே ஆட்சியில் 40,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என மதிப்பிட்டது. குற்றமிழைத்தவர்களை நீதியின்முன் நிறுத்தவும் பரிந்துரைத்தது. ஆனால் பழைய இயக்ககத்தின் அலுவலர் பலர் புதிய ஆட்சியின் காவல், நிருவாகப் பணிகளில் தொடர்ந்தனர். பரிந்துரைகள் ஏட்டளவில் நின்றன.

அரசு கைவிட்ட பணியைப் பாதிக்கப்பட்டோர் மேற்கொண்டனர். இரண்டாண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து உயிர்தப்பிய சுலைமான் குவெங்குவெங் என்னும் அரசு ஊழியர், தோழர்களுடன் சேர்ந்து 792 பேர் பற்றிய விவரங்களைத் திரட்டினார். அச்சுறுத்தல் மிகுந்தபோது அத்தாள்களை மறைத்து வைத்துக் காத்தார். பின்னர் 2001இல், கைவிடப்பட்டுக் கிடந்த இயக்ககத் தலைமையகத்தில் மனித உரிமை ஆய்வாளர்கள் பல்லாயிரம் ஆவணங்களைக் கண்டெடுத்தனர். அவற்றில் 12,321 பேர் பாதிக்கப்பட்டமையும், காவலில் 1,208 பேர் இறந்தமையும் பதிவாகியிருந்தன. 898 கைதிகள் குறித்து 1,265 செய்திகள் ஹப்ரேக்கு நேரடியாக அனுப்பப்பட்டிருந்தன. ‘எனக்குத் தெரியாது’ என்ற வாதத்திற்கு இடமில்லாமல் செய்த சான்று இது. ஒடுக்குமுறை அரசு தன் ஒழுங்குக்காக எழுதிவைத்த ஏடுகளே பிற்காலத்தில் அதற்கு எதிரான சாட்சியமாயின.

3. டக்காரில் தொடங்கிய வழக்கு: 2000–2005

பதவியிழந்த ஹப்ரே செனகலில் அடைக்கலம் பெற்றுப் பத்தாண்டுகள் அமைதியாக வாழ்ந்தார். 1998இல் சிலியின் முன்னாள் ஆட்சியாளர் பினோசே இலண்டனில் கைதானது சாட் நாட்டவருக்குப் புதிய வழியைக் காட்டியது. 2000 ஜனவரியில் பாதிக்கப்பட்டோர் எழுவர் டக்காரில் முறையீடு அளித்தனர். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையைச் செனகல் 1986லேயே ஏற்றிருந்தமை அவர்களது சட்ட அடிப்படை. விசாரணை நீதிபதி டெம்பா காஞ்சி பிப்ரவரி 3 அன்று ஹப்ரேமீது குற்றச்சாட்டைப் பதிவு செய்து அவரை வீட்டுக்காவலில் வைத்தார். ஆப்பிரிக்க நாடொன்றின் முன்னாள் தலைவர்மீது மற்றோர் ஆப்பிரிக்க நாட்டு நீதிமன்றம் இத்தகைய நடவடிக்கை எடுத்தது அதுவே முதன்முறை.

அவ்வாண்டு மார்ச்சில் செனகலில் ஆட்சி மாறி, அப்துலாய் வாட் குடியரசுத் தலைவரானார். விசாரணை நீதிபதி அவ்வழக்கிலிருந்து மாற்றப்பட்டார். வெளிநாட்டவர் வெளிநாட்டில் புரிந்த சித்திரவதையை விசாரிக்கும் அதிகாரம் செனகல் சட்டத்தில் இல்லை எனக் கூறி, ஜூலையில் மேல்முறையீட்டு அமர்வு வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2001 மார்ச் 20 அன்று உச்ச மேல்முறையீட்டு மன்றமும் அதையே உறுதி செய்தது. உடன்படிக்கையை ஏற்ற அரசு அதற்கேற்ற உள்நாட்டுச் சட்டத்தை இயற்றத் தவறியது. அத்தவறே வழக்கை மறுக்கக் காரணமாகவும் காட்டப்பட்டது.

இத்தோல்விக்குப் பின் பாதிக்கப்பட்டோர் இரு திசைகளில் சென்றனர். ஒருபுறம், குவெங்குவெங்கும் பிறரும் ஐ.நா. சித்திரவதைக்கு எதிரான குழுவிடம் செனகல்மீது முறையிட்டனர். ஹப்ரேயை நாட்டைவிட்டு வெளியேறச் செய்யும் எண்ணத்தை வாட் வெளியிட்டபோது, அவரை நாட்டில் நிறுத்திவைக்குமாறு அக்குழு கேட்டுக்கொண்டது. மறுபுறம், பெல்ஜியக் குடியுரிமை பெற்ற சாட் நாட்டவர் சிலர் உட்படப் பாதிக்கப்பட்டோர் 2000 இறுதியில் பெல்ஜியத்தில் வழக்குத் தொடுத்தனர். பெல்ஜிய நீதிபதி டேனியல் பிரான்சன் 2002இல் சாட் சென்று சிறைகளைப் பார்வையிட்டுச் சாட்சியங்களைப் பதிவு செய்தார். அதே ஆண்டு சாட் அரசு ஹப்ரேயின் விலக்குரிமையை விலக்கிக்கொண்டது. இக்காலத்தில் பாதிக்கப்பட்டோரின் வழக்கறிஞர் ஜாக்லின் முதேய்னா என்ஜமேனாவில் பாதுகாப்புப் படையினர் வீசிய கையெறிகுண்டால் படுகாயமுற்றார். வழக்கு நடத்துதல் சாட் நாட்டில் உயிரைப் பணயம் வைக்கும் செயலாகவே இருந்தது.

4. பாஞ்சுல் தீர்மானம்: ‘ஆப்பிரிக்காவின் பெயரால்’

2005 செப்டம்பரில் பெல்ஜியம் பன்னாட்டுக் கைதாணை பிறப்பித்து, ஹப்ரேயை ஒப்படைக்கக் கோரியது. டக்கார் மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கோரிக்கை குறித்து முடிவெடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றது. முன்னாள் ஆப்பிரிக்கத் தலைவர் ஒருவரை ஐரோப்பிய நாட்டிடம், அதிலும் காங்கோவில் குடியேற்ற ஆட்சி நடத்திய நாட்டிடம், ஒப்படைப்பதா என்ற வினா அரசியல் அரங்கில் எழுந்தது. வாட் அரசு இச்சிக்கலை ஆப்பிரிக்க ஒன்றியத்தின் முன் வைத்தது.

2006 ஜனவரியில் கார்த்தூம் உச்சி மாநாடு ஆப்பிரிக்கச் சட்ட அறிஞர் குழுவொன்றை அமைத்தது. ஆப்பிரிக்கத் தீர்வுக்கே முன்னுரிமை தரவேண்டும் என அக்குழு பரிந்துரைத்தது. அதன்படி ஜூலையில் பாஞ்சுலில் கூடிய மாநாடு, நியாயமான விசாரணைக்குரிய உறுதிகளோடு ‘ஆப்பிரிக்காவின் பெயரால்’ ஹப்ரேயை விசாரிக்கும் பொறுப்பைச் செனகலிடம் ஒப்படைத்தது.

இத்தீர்மானத்தின் சட்ட அடித்தளம் குறிப்பிடத்தக்கது. 2000ஆம் ஆண்டின் ஒன்றிய அமைப்புச் சட்டத்தின் 4ஆம் உறுப்பு, போர்க்குற்றம், இனப்படுகொலை, மனிதகுலத்திற்கு எதிரான குற்றம் ஆகியன நிகழும்போது உறுப்பு நாட்டில் தலையிடும் உரிமையை ஒன்றியத்திற்கு அளிக்கிறது. தண்டனையின்றித் தப்பும் நிலையையும் கண்டிக்கிறது. உள்விவகாரத்தில் தலையிடாமையைத் தலையாய நெறியாகக் கொண்ட பழைய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பிலிருந்து இது பெரிய மாற்றம். ஆயினும் பாஞ்சுல் தீர்மானம் அந்நெறியால் மட்டும் பிறக்கவில்லை. பெல்ஜியக் கைதாணை இல்லையெனில் ஒன்றியம் இவ்வழக்கைக் கையில் எடுத்திருக்கும் எனக் கருத இடமில்லை. வெளி நீதிமன்றத்தின் அழுத்தமே வட்டார நீதியைப் பேசவைத்தது.

தீர்மானத்திற்குப் பின்னும் ஆறாண்டுகள் கடந்தன. செனகல் 2007இல் தன் குற்றவியல் சட்டங்களையும் 2008இல் அரசமைப்பையும் திருத்தியது. ஆனால் முழு நிதியும் கைக்கு வந்தாலன்றி விசாரணை தொடங்காது என்றது. 2010 நவம்பரில் நன்கொடை நாடுகள் 86 இலட்சம் யூரோ வழங்க இசைந்த பின்னரும் பணி நகரவில்லை. 2011 ஜூலையில் ஹப்ரேயைச் சாட் நாட்டிற்கே அனுப்புவதாக அறிவித்த வாட், எதிர்ப்பு எழுந்ததும் அம்முடிவைக் கைவிட்டார். ‘ஆப்பிரிக்காவின் பெயரால்’ என்ற தொடர் இக்காலத்தில் காலந்தாழ்த்துவதற்குரிய திரையாகவே பயன்பட்டது.

5. நான்கு மன்றங்களும் ஒரு முடிச்சும்

அத்திரையைக் கிழித்ததில் நான்கு மன்றங்களின் முடிவுகளை ஒப்பிட்டு நோக்குதல் பயன்தரும்.

முதலாவது, ஐ.நா. சித்திரவதைக்கு எதிரான குழு. 2006 மே மாதம் அது, விசாரணையும் செய்யாமல் ஒப்படைக்கவும் செய்யாமல் செனகல் உடன்படிக்கையை மீறியதாக முடிவு செய்தது. தனிமனிதர் கொடுத்த முறையீடு ஒரு நாட்டின் கடப்பாட்டை உறுதிசெய்தது.

இரண்டாவது, அருஷாவில் உள்ள மனித, மக்கள் உரிமைகளுக்கான ஆப்பிரிக்க நீதிமன்றம். ஹப்ரே விசாரணையைத் தடுக்கக் கோரிச் சாட் நாட்டவர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2009 டிசம்பர் 15 அன்று அது தன் முதல் தீர்ப்பை வழங்கியது. தனிமனிதர் நேரடியாக முறையிடுவதற்கு இசையும் அறிவிப்பைச் செனகல் அளிக்கவில்லை. ஆகவே வழக்கை ஏற்க அதிகாரமில்லை என்றது. கண்டத்தின் தலைமை மனித உரிமை நீதிமன்றம் அரசுகளின் இசைவுக்குள் எவ்வளவு கட்டுண்டிருக்கிறது என்பதை அத்தீர்ப்பு காட்டியது.

மூன்றாவது, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூக நீதிமன்றம். செனகலின் புதிய சட்டத்திருத்தங்கள் முன்னர் நடந்த செயல்களைப் பின்னாளைய சட்டத்தால் தண்டிப்பனவாகும் என ஹப்ரே அங்கு முறையிட்டார். 2010 நவம்பர் 18 அன்று வழங்கிய தீர்ப்பில் நீதிமன்றம் அவர் வாதத்தை ஓரளவு ஏற்றது. செனகலின் வழமையான நீதிமன்றங்கள் அவரை விசாரிக்கக் கூடாது. பன்னாட்டுத் தன்மையுள்ள சிறப்புத் தீர்ப்பாயமே விசாரிக்கலாம் என்றது. பின்னாளைய சட்டம் குறித்த அதன் தருக்கத்தைச் சட்ட அறிஞர் பலர் குறை கூறினர். சித்திரவதையும் மனிதகுலத்திற்கு எதிரான குற்றமும் 1982க்கு முன்பே பன்னாட்டு வழக்காற்றில் குற்றங்களாக இருந்தன என்பது அவர்களது மறுப்பு. எனினும் வரலாற்று நோக்கில் இத்தீர்ப்பின் விளைவு வியப்பூட்டுவது. விசாரணையைத் தடுக்க ஹப்ரே தொடுத்த வழக்கே, அவரைத் தண்டிக்கப் போகும் நீதிமன்றத்தின் வடிவத்தை வகுத்துக் கொடுத்தது.

நான்காவது, ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றம். 2009இல் பெல்ஜியம் தொடுத்த வழக்கில் 2012 ஜூலை 20 அன்று அது தீர்ப்பளித்தது. செனகல் இனியும் தாமதியாமல் ஹப்ரேயை வழக்குத் தொடுக்கும் அதிகாரிகளிடம் ஒப்படைக்கவேண்டும். இல்லையேல் அவரை வேறு நாட்டிடம் ஒப்படைக்கவேண்டும் என்றது. நிதிப் பற்றாக்குறையோ, உள்நாட்டுச் சட்டமோ, வட்டார நீதிமன்றத்தின் தீர்ப்போ இக்கடப்பாட்டைத் தவிர்க்கக் காரணமாகா எனவும் தெளிவுபடுத்தியது. செனகலுக்கு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1987 ஜூன் 26க்குப் பிந்திய செயல்களுக்கே இக்கடப்பாடு பொருந்தும் என அது வரையறுத்தமையும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அதற்குச் சில மாதங்கள் முன்னர், 2012 ஏப்ரலில், மாக்கி சால் செனகலின் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றிருந்தார். சட்டக் கடப்பாடும் அரசியல் விருப்பமும் ஒருங்கே அமைந்தன. ஒரே மாத இடைவெளியில், ஆகஸ்டு 22 அன்று, ஆப்பிரிக்க ஒன்றியத்துடன் உடன்பாடு கையெழுத்தாயிற்று. பன்னிரண்டு ஆண்டுகள் அவிழாத முடிச்சு ஒரு மாதத்தில் அவிழ்ந்தது எனில், தடை சட்டத்தில் இருந்ததைவிட ஆள்வோர் மனத்தில் இருந்ததே மிகுதி எனலாம்.

6. சிறப்பு அமர்வுகள்: அமைப்பும் விசாரணையும்

2013 பிப்ரவரி 8 அன்று தொடங்கப்பட்ட சிறப்பு அமர்வுகள் செனகல் நீதித்துறைக்குள்ளேயே அமைந்தன. புலனாய்வு, குற்றச்சாட்டு, விசாரணை, மேல்முறையீடு என நான்கு அமர்வுகள் இருந்தன. விசாரணை, மேல்முறையீட்டு அமர்வுகளின் தலைவர்கள் மட்டும் பிற ஆப்பிரிக்க நாட்டினர். ஏனையோர் செனகல் நாட்டினர். 1982 ஜூன் 7 முதல் 1990 டிசம்பர் 1 வரை சாட் நாட்டில் நிகழ்ந்த பன்னாட்டுக் குற்றங்களுக்கு முதன்மைப் பொறுப்புடையோரை விசாரிப்பது அதிகார வரம்பு. வகித்த பதவி தண்டனையிலிருந்து காக்காது என அதன் சட்டம் வெளிப்படையாகக் கூறியது. பிற பன்னாட்டுத் தீர்ப்பாயங்களின் செலவோடு ஒப்பிட, இதன் தொடக்க வரவுசெலவான 86 இலட்சம் யூரோ மிகச் சிறிய தொகை.

2013 ஜூன் 30 அன்று ஹப்ரே கைதானார். 2015 ஜூலை 20 அன்று விசாரணை தொடங்கியது. நீதிமன்றத்தை ஏற்க மறுத்த அவரது வழக்கறிஞர்கள் வெளியேறவே, நீதிமன்றம் மூவரை நியமித்து, அவர்கள் ஆயத்தமாக அவகாசம் அளித்தது. செப்டம்பர் 7 அன்று மீண்டும் தொடங்கிய விசாரணைக்கு ஹப்ரே வலிந்து தூக்கி வரப்பட்டார். அதன்பின் முடிவுவரை அவர் வாய் திறக்கவில்லை. சாட்சியளித்தோர் 93 பேர். அவர்களுள் பலர் இருபத்தைந்து ஆண்டுகளாக இந்நாளுக்குக் காத்திருந்தவர்கள்.

வடக்குப் பாலைவனத்தின் படைமுகாமுக்கு அனுப்பப்பட்டுப் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்கள் அளித்த சாட்சியம் வழக்கின் போக்கையே மாற்றியது. முதற் குற்றச்சாட்டில் பாலியல் குற்றங்கள் தனியே இடம்பெறவில்லை. பெண்கள் பொதுமன்றத்தில் எழுந்து பேசியபின் அக்குற்றங்கள் சேர்க்கப்பட்டன. 2016 மே 30 அன்று, புர்கினா பாசோ நாட்டு நீதிபதி பெர்தாவோ குஸ்தாவ் காம் தலைமையிலான அமர்வு, மனிதகுலத்திற்கு எதிரான குற்றம், போர்க்குற்றம், சித்திரவதை ஆகியவற்றுக்காக ஹப்ரேக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பாலியல் வன்முறைக்கும் பாலியல் அடிமைத்தனத்திற்கும் அவர் பொறுப்பாக்கப்பட்டார்.

2017 ஏப்ரல் 27 அன்று மேல்முறையீட்டு அமர்வு தண்டனையை உறுதி செய்தது. அவரே நேரில் புரிந்ததாகக் கூறப்பட்ட பாலியல் வன்கொடுமையிலிருந்து மட்டும் அவரை விடுவித்தது. அச்செய்தி தொடக்கக் குற்றச்சாட்டில் இடம்பெறாததே அதற்குக் காரணம்; சாட்சியின் நம்பகத்தன்மையை அமர்வு மறுக்கவில்லை. புலனாய்வுக் கட்டத்தில் பாலியல் குற்றங்களுக்கு உரிய கவனம் தரப்படாமை பாதிக்கப்பட்ட பெண்ணுக்கே இழப்பாக முடிந்ததை இது காட்டுகிறது.

7. தீர்ப்பின் வரம்புகள்

இவ்வெற்றியின் இரு குறைகள் ஆழ்ந்து நோக்கத்தக்கவை. முதலாவது, குற்றவாளிகளைத் தேர்ந்த முறை. புலனாய்வில் ஹப்ரேயுடன் வேறு ஐவரும் தேடப்பட்டனர். அமர்வுகளின் முன் நின்றவரோ ஹப்ரே ஒருவரே. சாட் தன் காவலில் இருந்தோரை டக்காருக்கு அனுப்பவில்லை. 2015 மார்ச்சில் என்ஜமேனா நீதிமன்றம் பழைய இயக்ககத்தினர் 20 பேரைத் தானே தண்டித்தது. 1984இல் தென்பகுதி ஒடுக்குமுறை நடந்தபோது படைத்தலைமைப் பொறுப்பில் இருந்தவர் டெபி. விசாரணை நடந்தபோது அவர் சாட் நாட்டின் குடியரசுத் தலைவர். நீதிமன்றத்திற்கு நிதியளித்தவர்களுள் அவரது அரசும் ஒன்று. வீழ்ந்தவரை விசாரிக்க வென்றவர் துணைநின்றார். வென்றவரின் பங்கு விசாரணைக்கு வெளியே நின்றது. ஹப்ரேக்குப் படைக்கருவி வழங்கிய வல்லரசுகளின் பொறுப்பும் நீதிமன்ற அதிகாரத்திற்குள் வரவில்லை.

இரண்டாவது, இழப்பீடு. மேல்முறையீட்டு அமர்வு 7,396 பேருக்கு மொத்தம் சுமார் 8,229 கோடி சி.எஃப்.ஏ. பிராங்க் வழங்க ஆணையிட்டது. பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்குத் தலா 2 கோடி, சித்திரவதையிலிருந்து உயிர்தப்பியோருக்கு 1.5 கோடி, இறந்தோரின் குடும்பத்தினர் முதலியோருக்கு 1 கோடி பிராங்க் என வகுக்கப்பட்டது. இதற்கென நிதியம் அமைக்கும் பொறுப்பு ஆப்பிரிக்க ஒன்றியத்திடம் விடப்பட்டது. என்ஜமேனா நீதிமன்றமும் 7,500 கோடி பிராங்க் இழப்பீடு விதித்து, அதில் பாதியை அரசு தரவேண்டும் என்றிருந்தது. 2021 ஆகஸ்டு 24 அன்று கொரோனாத் தொற்றால் ஹப்ரே இறந்தபோது, பாதிக்கப்பட்டோர் ஒருவர் கையிலும் பணம் சேரவில்லை. 2024 பிப்ரவரியில்தான் சாட் அரசு 1,000 கோடி பிராங்க் அளவிலான தொகையைப் பகிர்ந்தளிக்கத் தொடங்கியது. ஆணையிடப்பட்ட தொகையோடு ஒப்பிட இது சிறு பகுதியே. முறையீடு செய்தோரிற் பலர் அதற்குள் இறந்துவிட்டனர்.

இவ்விரு குறைகளுக்கும் வேர் ஒன்றே. கைது, ஒப்படைப்பு, நிதி ஆகிய மூன்றிலும் சிறப்பு அமர்வுகள் அரசுகளைச் சார்ந்திருந்தன. அரசுகள் விரும்பிய இடத்தில் நீதி விரைந்தது. விரும்பாத இடத்தில் நின்றது.

8. மலாபோ நெறிமுறை: ஒன்றியத்தின் மறுமுகம்

ஹப்ரே வழக்குக்கு நீதிமன்றம் அமைத்த அதே காலத்தில், ஆப்பிரிக்க ஒன்றியம் மற்றொரு திசையிலும் நடந்தது. 2009 மார்ச் 4 அன்று சூடான் தலைவர் ஒமர் அல்-பஷீர்மீது பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் கைதாணை பிறப்பித்தது. ஜூலையில் சிர்த்தேயில் கூடிய ஒன்றிய மாநாடு, அவரைக் கைது செய்வதில் ஒத்துழைப்பதில்லை என முடிவெடுத்தது. கென்யத் தலைவர்கள்மீதான வழக்கு இம்முரண்பாட்டை மேலும் கூர்மையாக்கியது. 2017இல் புருண்டி நீதிமன்றத்திலிருந்து விலகியது. தென்னாப்பிரிக்காவும் காம்பியாவும் விலகல் அறிவிப்பு அளித்துப் பின்னர் திரும்பப் பெற்றன.

ஒன்றியத்தின் மனக்குறையை வெறும் சாக்கு எனத் தள்ளிவிட இயலாது. 2016இல் ஜார்ஜியா விசாரணை தொடங்கும்வரை ஹேக் நீதிமன்றம் முறையாகத் தொடங்கிய விசாரணைகள் அனைத்தும் ஆப்பிரிக்கா பற்றியவை. ரோம் சட்டத்தை ஏற்காத வல்லரசுகள் பாதுகாப்பு அவையில் அமர்ந்து பிறரை அந்நீதிமன்றத்திற்கு அனுப்பும் நிலை சமனற்றதே. அதே வேளையில், உகாண்டா, காங்கோ மக்களாட்சிக் குடியரசு, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு ஆகியவற்றின் அரசுகள் தாமாகவே தம் வழக்குகளை அங்கு அனுப்பின என்பதையும் மறைத்தல் முறையன்று.

இம்மனக்குறையின் விளைவாக 2014 ஜூன் 27 அன்று ஏற்கப்பட்டது மலாபோ நெறிமுறை. ஆப்பிரிக்க நீதிமன்றத்திற்குக் குற்றவியல் பிரிவொன்றைச் சேர்ப்பது அதன் நோக்கம். இனப்படுகொலை முதலான மரபான குற்றங்களோடு, அரசமைப்புக்கு முரணான ஆட்சிக் கவிழ்ப்பு, கூலிப்படை, ஊழல், நச்சுக்கழிவு கடத்தல், இயற்கை வளங்களின் சட்டவிரோதச் சுரண்டல் உட்பட 14 குற்றங்களை அது வரையறுத்தது. நிறுவனங்களையும் குற்றப்பொறுப்புக்கு உட்படுத்தியது. கண்டத்தின் பட்டறிவிலிருந்து எழுந்த இவ்விரிவாக்கம் பன்னாட்டுக் குற்றவியல் சட்டத்திற்கு உண்மையான பங்களிப்பு.

ஆனால் அதன் 46அ துணைஉறுப்பு, பதவியிலுள்ள அரசுத் தலைவர்கள்மீதும் உயர் அலுவலர்கள்மீதும் பதவிக்காலத்தில் வழக்குத் தொடுக்கக் கூடாது என்கிறது. டக்கார் அமர்வுகளின் சட்டம் பதவியைக் கேடயமாக ஏற்க மறுத்தது; ஈராண்டுகளில் அதே ஒன்றியம் அக்கேடயத்தை எழுத்தில் வடித்தது. பதவியிலிருக்கும்வரை காப்பு உண்டெனில், பதவியை விட்டிறங்காமைக்கு அதுவே தூண்டுதலாகும். நடைமுறைக்கு வரத் தேவையான 15 ஏற்புறுதிகள் இந்நெறிமுறைக்கு இன்னும் கிட்டவில்லை. ஹேக் நீதிமன்றத்திற்கு மாற்றாக முன்வைத்த நீதிமன்றத்தைக்கூட எழுப்ப அரசுகள் விரையவில்லை.

9. தென் சூடானும் காம்பியாவும்

ஹப்ரே வழக்குக்குப் பின் எழுந்த இரு முயற்சிகள் மேற்கண்ட முடிவை உறுதி செய்கின்றன. தென் சூடான் உள்நாட்டுப் போரின் கொடுமைகளை விசாரிக்க, ஆப்பிரிக்க ஒன்றியம் கலப்பு நீதிமன்றம் ஒன்றை அமைக்க வேண்டும் என 2015 ஆகஸ்டு அமைதி உடன்பாடு கூறியது. 2018 உடன்பாடும் அதை மீண்டும் உறுதிப்படுத்தியது. விசாரணைக்கு உட்படக்கூடியோர் ஆட்சியிலேயே இருப்பதால் அந்நீதிமன்றம் இன்றுவரை எழவில்லை.

மாறாக, காம்பியாவில் 22 ஆண்டுகள் ஆண்ட யாஹ்யா ஜாமே 2017 ஜனவரியில் நாட்டைவிட்டு வெளியேறினார். பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் ஒன்றுதிரண்டன. உண்மை ஆணையம் பொதுவெளியில் சாட்சியங்களைப் பதிவு செய்தது. 2024 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரச் சமூகத்தின் உச்சி மாநாடு, காம்பியாவுக்கான சிறப்புத் தீர்ப்பாயத்திற்கு ஒப்புதல் அளித்தது. டக்கார் வழக்கின் வழித்தடத்தை இதில் காணலாம்: வீழ்ந்த ஆட்சியாளர், அமைப்பாகத் திரண்ட பாதிக்கப்பட்டோர், வட்டார அமைப்பின் இசைவு. இம்மூன்றில் முதலாவது இல்லாத தென் சூடானில் மற்றவை பலன் தரவில்லை.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று முடிவுகளைப் பெறலாம்.

ஒன்று, ஹப்ரே வழக்கை ஆப்பிரிக்க ஒன்றியத்தின் கொடையாகக் கருதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பாதிக்கப்பட்டோர் டக்காரிலும் பிரஸ்ஸல்ஸிலும் ஜெனீவாவிலும் ஒரே காலத்தில் கதவுகளைத் தட்டினர். ஒரு கதவு மூடியபோது மற்றொன்று திறந்தது. ஒன்றின் தீர்ப்பு மற்றொன்றை அசைத்தது. உள்நாட்டு, வட்டார, பன்னாட்டு மன்றங்கள் ஒன்றோடொன்று பின்னிச் செயல்பட்டதே நீதிக்கு வழிவகுத்தது. எனவே வட்டார நீதியையும் பன்னாட்டு நீதியையும் எதிரெதிராக நிறுத்தும் வாதம் இவ்வழக்கில் நிலைபெறவில்லை.

இரண்டு, கண்டத்திற்குள் நடந்த விசாரணையால் மெய்யான பயன்கள் விளைந்தன. குறைந்த செலவில், ஆப்பிரிக்க நீதிபதிகள்முன், பாதிக்கப்பட்டோர் நேரில் பங்கேற்கும் உரிமையோடு விசாரணை நிறைவுற்றது. ஆப்பிரிக்க நீதிமன்றங்களுக்கு இத்தகைய வழக்கை நடத்தும் ஆற்றலில்லை என்ற கருத்து பொய்ப்பிக்கப்பட்டது.

மூன்று, அந்நீதியின் எல்லைக்கோடு அதிகாரத்தின் எல்லைக்கோடாகவே இருந்தது. வீழ்ந்தவர் தண்டனை பெற்றார். ஆள்பவர் விசாரணைக்கு வெளியே நின்றார். இழப்பீடு தாளில் நின்றது. மலாபோ நெறிமுறை அவ்வெல்லையைச் சட்டமாகவே ஆக்க முயல்கிறது. ‘ஆப்பிரிக்காவின் பெயரால்’ என்ற தொடர் 2006இல் காலந்தாழ்த்தவும் 2016இல் தீர்ப்பளிக்கவும் பயன்பட்டது. அத்தொடருக்குப் பொருள் தந்தவர்கள் அதைத் தீர்மானமாக எழுதிய தலைவர்கள் அல்லர். மறைத்து வைத்த தாள்களோடு நீதிமன்றம் தேடிச் சென்ற சிறைவாசிகளும் விதவைகளுமே ஆவர். அவர்களுக்குரிய இழப்பீடு முழுமையாகச் சேரும்வரை இவ்வழக்கை முடிந்த வழக்கெனக் கொள்ளுதல் பொருந்தாது.